அக்கா எதிரில்

வயிற்றுவலியென்று ஆஸ்பத்திரிக்குப் போனபோது என் புருஷன் சாமிசோனியோடு அவருடைய அக்கா லூபேயும் வந்தாள். அதுதான் வினையாகப் போயிற்று. வெளிநாட்டிலிருந்து வந்த டாக்டர், "மலம் எண்ணெய் மாதிரி மிதக்குதா?" என்று கேட்டார். இவர் முகம் கறுத்துவிட்டது. எங்கள் டோங்காத் தீவில் அக்காவை எதிரில் வைத்துக்கொண்டு எந்தத் தம்பி அந்தப் பேச்சை எடுப்பான்? "அதெல்லாம் இல்ல டாக்டர்" என்றார். வாயுவுக்கு மருந்து கொடுத்து அனுப்பினார்கள்.

ஒரு வருஷத்தில் ஆள் பாதியாகிவிட்டார். நான் மட்டும் கூட்டிப்போன அன்றுதான் உண்மையைச் சொன்னார். ஸ்கேனில் கணையம் கல் கட்டிச் சுருங்கிக் கிடந்தது. இனி ஆயுசுக்கும் மாத்திரை, கொழுப்பைத் தொடவே கூடாது என்றார்கள்.

"உங்க அக்காகிட்ட நான் சொல்லிடறேன்."

"சொல்லிப் பாரு. ஏன்னு கேட்டா அந்தப் பேச்சும் வெளிய வரும். அப்புறம் நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அவங்க முன்னாடி நிக்கறது?"

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் லூபே வந்தாள். ஆட்டுக்கொழுப்பையும் தேங்காய்ப்பாலையும் சேம்பிலையில் பொதிந்து மண்ணில் தோண்டிய குழியடுப்பில் வேகவைத்த பொட்டலத்தைத் தம்பிக்கென்று கொண்டுவந்திருந்தாள். அக்கா தருவதைத் தள்ளவும் முடியாது. அவர் தலையைக் குனிந்துகொண்டு தின்றார்.

"பாத்தியா, நான் குடுத்தா எப்படித் தின்னுறான்!" என்றாள் என்னிடம். "நீ ஒழுங்கா ஆக்கிப் போடாமத்தான் இப்படி எலும்பாக் கெடக்கான்."

எனக்கு உண்மை நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அவர் என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார். அவர் நெற்றியில் அதற்குள் வியர்த்திருந்தது.

"ரொம்ப ருசியா இருக்குக்கா."

"அடுத்த வாரம் ரெண்டாக் கொண்டாறேன்," என்றாள்.