கட்டில் எண் நான்கு

"இறங்குங்க, எல்லாரும் இறங்குங்க! பிரசவக் கேஸு!"

மூச்சிரைக்க லாரியின் பின்பலகையைத் தட்டினேன். மலை ஊர்களிலிருந்து பயாமோ நகரத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் லாரி அது. கரி மூட்டையோடு உட்கார்ந்திருந்த கிழவர் அசையவில்லை.

"ரெண்டு மணி நேரம் வெயில்ல நின்னு ஏறியிருக்கேன் சிஸ்டர்."

"வயித்துல இரட்டைப் பிள்ளை, பெரியவரே. அம்மாவுக்கு நாப்பத்தஞ்சு வயசு. ஆம்புலன்ஸ் வேற கேஸுக்குப் போயிடுச்சு."

"நாப்பத்தஞ்சா? எவன்யா அந்த ஆம்பளை?"

"நான்தான்" என்றான் டிரைவர் எவெலியோ.

லாரியில் எழுந்த சிரிப்பு பாதியில் நின்றது. கிழவர் தன் மூட்டையைத் தானே கீழே தள்ளினார்.

அவன் மனைவி நெரெய்டாவை மெத்தையோடு ஏற்றி இடப்பக்கமாகப் படுக்கவைத்தோம். வலிப்பு வராமலிருக்க இடுப்பின் இரண்டு பக்கமும் ஊசி போட்டிருந்தேன். லாரி கிளம்பியது.

இரட்டை சுமப்பவர்களை முன்கூட்டியே சேர்த்துக்கொண்டு கவனிக்கும் தாய்மை இல்லம் எங்களுடையது. வந்த அன்றைக்கு, "தீட்டு நின்னுபோச்சு, இனி நிம்மதின்னு நாலு மாசம் சந்தோஷமா திரிஞ்சேன் சிஸ்டர்" என்று வார்டையே சிரிக்கவைத்தவள் நெரெய்டா. இந்த வயதில் ஒரு பிள்ளை என்றாலே பிரஷர் ஏறும். இரண்டென்றால் கேட்கவே வேண்டாம். ஏறியது. மாத்திரை கொடுத்தோம். இன்னும் ஏறியது. மூன்று முறை அளவைக் கூட்டினோம். வேளைக்கு வேளை மாத்திரையைப் பழைய பதிவேட்டுத் தாளில் மடித்து, மேலே கட்டில் எண்ணை எழுதி, அவள் உள்ளங்கையில் நானே வைத்தேன்.

இன்று காலை முகம் வீங்கி, கண்முன் பூச்சி பறக்கிறது என்றாள். பிரஷர் நூற்றெழுபதுக்கு நூற்றுப்பதினைந்து.

"தலை வெடிக்குது சிஸ்டர்."

"கண்ணை மூடாதீங்க அக்கா. பேசிக்கிட்டே வாங்க."

"அவரை மெதுவா ஓட்டச் சொல்லுங்க. போன மாசம் ஸ்டியரிங்லயே மயங்கி விழுந்தாரு. அவருக்கும் பிரஷர்."

"இப்பவும் அவரைப் பத்தித்தானா?"

தலைமாட்டில் அவளுடைய சாப்பாட்டு டப்பா உருண்டுகொண்டிருந்தது. தினமும் மதியம் எவெலியோ அதில் மலாங்கா கிழங்கு மசியல் கொண்டுவருவான். டப்பாவைக் கழுவ யாரையும் விடமாட்டாள். தானே கழுவி, தானே மூடி, அவன் கையில் கொடுத்தனுப்புவாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் பெட்ரோசோ நோட்டைப் புரட்டினார்.

"முழு அளவு மாத்திரை உள்ளே போயிருக்கா?"

"என் கையால கொடுத்தேன் டாக்டர்."

"கொடுத்தது சரிம்மா. முழுங்கினதைப் பாத்தியா?"

ஒரு வார்டு முழுக்க இருபது பேர். கொடுத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவேன்.

"இப்ப நரம்புல மருந்து ஏத்தணும். மாத்திரை உடம்புல இருந்து, முழு அளவு ஏத்தினா பிரஷர் ஒரேயடியா விழும், பிள்ளைங்களுக்கு ரத்தம் போகாது. மாத்திரை உள்ளே போகலேன்னா, குறைச்சு ஏத்தினா போதாது, மூளையில ரத்தம் கசியும். எது நிஜம்? சீக்கிரம்!"

நெரெய்டாவிடம் குனிந்தேன். "அக்கா, சத்தியமா சொல்லுங்க."

அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

வெளியே ஓடினேன். எவெலியோ குழாயடியில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான்.

"அண்ணே, உங்களுக்கும் பிரஷராமே. இப்ப எப்படி?"

"சூப்பரா இருக்கு சிஸ்டர். மருந்துக்கடையில மூணு மாசமா ஒண்ணும் இல்ல. நல்லவேளை, மயாமியில இருக்கிற அவ தங்கச்சி மாத்திரை அனுப்புறாளாம். அதை இவ தினமும் டப்பாவுல போட்டுக் கொடுத்துடுவா மகராசி. ஏன், அவளுக்கு வேணுமா? இந்தாங்க."

சட்டைப்பையிலிருந்து ஒரு சின்னக் காகித மடிப்பை எடுத்து நீட்டினான்.

பழைய பதிவேட்டுத் தாள். மேலே என் கையெழுத்தில்: கட்டில் எண் நான்கு.