முழங்கால் அளவு பனி

இதனால் சகலருக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில், ஓய்வுபெற்ற போர்வீரர் சங்கம் தனது இருபத்திரண்டு ஆண்டு வரலாற்றின் தலையாய தீர்மானத்தைச் சென்ற ஆண்டு ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு நிறைவேற்றியது. போரில் வீழ்ந்த தோழருக்குக் கிடைத்த வீரப் பதக்கத்தின் முழு வரலாற்றையும் ஆராய்ந்து, ஆவணங்களோடு சரிபார்த்து, ஆறடிக் கருங்கல்லில் பொறித்து, ஜனநடமாட்டம் உள்ள இடத்தில் நிறுவுவது என்பதே அது. ஆதரவு மூன்று ஓட்டு, எதிர்ப்பு இல்லை. வந்திருந்ததே மூன்று பேர். சங்கத்தில் பதினொரு உறுப்பினர்கள் உண்டு. ஆனால் சங்கம் இருந்தது டயர் கடையின் மாடியில். படிகள் இருபத்தாறு. அவற்றை ஏறி இறங்கத் தெம்புள்ளவர்கள் மூன்று பேர்தான் மிச்சம்.

மூன்றாவதாக உயர்ந்த கை ரைட்டருடையது. கம்பெனி அலுவலகத்தில் தட்டச்சுப் பொறியோடு போரை நடத்தியவர் என்பதால் அந்தப் பெயர். கை உயரும்போதே நடுங்கியது. அறுபதைத் தாண்டியவரின் கை நடுங்கினால் யாரும் காரணம் கேட்பதில்லை. வயதின் அனுகூலங்களில் அதுவும் ஒன்று.

செயலாளர் போரின்போது கிடங்கில் பூட்ஸுகளுக்குக் காவல் இருந்தவர். அந்தப் பூட்ஸுகளில் ஒன்றுகூட எதிரியின் கைக்குப் போகவில்லை என்பது அவருடைய சாதனை. ஓய்வுக்குப் பிறகு அவர் குரல் கனத்துவிட்டது. ‘உட்காருங்கள்’ என்று சொன்னாலே நாட்டுக்குச் செய்தி விடுப்பதுபோல் இருக்கும். இன்னொருவர் வயர்லெஸ்காரர். சண்டை நடந்த இடத்திலிருந்து பதினொரு கிலோமீட்டர் தள்ளி ஒரு குன்றின்மேல், காதில் கருவியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர். இருவரும் முப்பத்திரண்டு வருடங்களாக அந்தச் சண்டையைச் சொல்லிச் சொல்லி, இப்போது இரண்டு பேருமே அதில் முன்வரிசையில் நின்றிருந்தார்கள்.

வீழ்ந்த தோழரைப் படையில் எல்லோரும் ‘கொட்டாவி’ என்று கூப்பிட்டார்கள். நின்றபடியே தூங்கக்கூடியவர். அணிவகுப்பில் ஒருமுறை, எல்லோரும் இடப்பக்கம் திரும்பி நடந்து போன பிறகும் அவர் மட்டும் அதே இடத்தில் நேராக நின்றிருந்தார். மேஜர் அருகில் போய்ப் பார்த்தபோது மெல்லிய குறட்டை. பதக்கம் வந்த பிறகு அந்தப் பெயரைச் சொல்வது மரியாதைக் குறைவு என்று செயலாளர் தடை போட்டுவிட்டார். இப்போது அவர் ‘மாவீரர்’.

“ரைட்டரே, ஆவணக் காப்பகத்துக்கு நீங்கதான் கடிதம் போடணும். உங்களை மாதிரி யாருக்கு எழுத வரும்?” என்றார் செயலாளர்.

தனக்கு எவ்வளவு நன்றாக எழுத வரும் என்பது அந்த அறையில் ரைட்டருக்கு மட்டுமே தெரியும்.

நடந்தது இதுதான். கடும் கோடை. வறண்ட ஆற்றுப்படுகை, முள்மரங்கள், கையை வைத்தால் சுடுகிற இரும்பு. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கொட்டாவி அலுவலகக் கூடாரத்துக்கு வெளியே ஒரு மர நிழலில் படுத்துத் தூங்கிவிட்டார். எங்கிருந்தோ ஒரே ஒரு பீரங்கிக் குண்டு வந்தது. எதையும் குறிபார்த்து வந்ததாகத் தெரியவில்லை. அன்றைக்கு வந்தது அது ஒன்றுதான். ரைட்டர் கூடாரத்திலிருந்து தவழ்ந்து வெளியே வந்தபோது மரம் பாதி இருந்தது.

மாலையில் மேஜர் வந்தார். பக்கத்துக் கம்பெனிகள் ஒவ்வொன்றுக்கும் பதக்கம் வந்துவிட்டது, நமக்கு மட்டும் இல்லை என்பது அவருடைய பல நாள் விசாரம். “ஆறு மணிக்குள்ள ஒரு பாராட்டுப் பத்திரம் வேணும்,” என்றார். எந்தப் படையிலும் எந்த எழுத்தரும் தன் தலையிலிருந்து ஒரு வரி எழுதியது கிடையாது. பழைய கோப்பை எடுப்பான், பெயரை மாற்றுவான், எண்ணை மாற்றுவான், தேதியை மாற்றுவான். அதற்குப் பெயர் முன்மாதிரி. ரைட்டரிடமும் ஒரு முன்மாதிரி இருந்தது. முந்தைய போரில், மலைப்படையில், யாரோ ஒரு புண்ணியவானுக்கு எழுதியது. அழுதுகொண்டே தட்டினார். பெயரை மாற்றினார், எண்ணை மாற்றினார், தேதியை மாற்றினார். மேஜர் படிக்காமல் கையெழுத்துப் போட்டார். அவருக்கு மேலிருந்தவரும் படிக்கவில்லை, அவருக்கு மேலிருந்தவரும் படிக்கவில்லை. அரசிதழில் ஒரே ஒரு வரி வந்தது: இன்னாருக்கு, வீரத்துக்காக. பதக்கம் ஒரு சின்னப் பெட்டியில் கொட்டாவியின் மனைவிக்குப் போய்ச் சேர்ந்தது.

இரண்டு நாள் கழித்துக் கார்பன் பிரதியைக் கோப்பில் சேர்க்கும்போதுதான் ரைட்டர் அதைப் பார்த்தார். முன்மாதிரியில் இருந்த மலைப் பனியை எடுக்க மறந்திருந்தார்.

அன்றிலிருந்து அவர் காத்திருந்தார். யாராவது ஒருவர், என்றாவது ஒருநாள், அந்தத் தாளைப் படிப்பார். மேஜர் இறந்தார், மரத்தடியில் உடலைப் பார்த்த மருத்துவ உதவியாளர் இறந்தார். ஒவ்வொரு சாவுக்கும் போய் முதல் வரிசையில் உட்கார்ந்து, மனதுக்குள் ஓர் ஆளைக் குறைத்துக்கொண்டு வந்தார். அதற்காக அவரே தன்னை வெறுத்தார். ஆனாலும் அன்றைக்கு மட்டும் நன்றாகத் தூங்கினார்.

இப்போது இவர்கள் அந்தத் தாளைத் தோண்டி எடுத்துக் கல்லில் வெட்டப் போகிறார்கள். விசாரணை வரும். போலி ஆவணம் என்பார்கள். கொட்டாவி மனைவியின் வீட்டுச் சுவரிலிருந்து பதக்கத்தைக் கழற்றி எடுத்துப் போவார்கள். கழற்றும்போது ரைட்டரைச் சாட்சிக்கு நிறுத்துவார்கள்.

முதல் கடிதத்தில் ராணுவ எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்களை மாற்றிப் போட்டார். நான்கு மாதம் கழித்து, அப்படி ஒருவர் படையில் இருந்ததே இல்லை என்று பதில் வந்தது. இரண்டாவது கடிதத்தில் வருடம் பிசகியது. வாசலில் தபால்காரரின் மணிச் சத்தம் கேட்டால் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

“என்ன, கடன்காரனா வர்றான்? கடிதாசிதானே?” என்றாள் மனைவி. “இந்த வீட்ல பதக்கம் வாங்காத ஒரே ஆள் நீங்கதான். அதுக்கு ஏன் இந்த நடுக்கம்?”

“நீ என்ன வாங்கினே?”

“உங்களை வாங்கினேன். அதுக்கே ரெண்டு குடுக்கணும்.”

மூன்றாவது கடிதம் எழுத அவசியம் வரவில்லை. செயலாளர் எட்டு மணி நேரம் பேருந்தில் போய், காப்பகத்தில் ஒரு நாள் முழுக்க நாட்டுக்குச் செய்தி விடுத்து, பழுப்பு உறையோடு திரும்பினார். ஒட்டியது பிரிக்கப்படவில்லை. சங்கத்தில் வைத்துத்தான் பிரிக்க வேண்டும் என்பது அவர் சம்பிரதாயம்.

“ரைட்டரே, நீங்க படிங்க. எழுந்து நின்னு.”

ரைட்டர் எழுந்தார். அவருடைய சொந்த எழுத்துக்கள். கொம்பு உடைந்து எழுத்து விழுகிற அந்தப் பழைய தட்டச்சுப் பொறியின் ஒவ்வோர் எழுத்தும் அடையாளம் தெரிந்தது. பனியைத் தாண்டிப் படித்துவிடலாம் என்று நினைத்திருந்தார். ஆனால் செயலாளர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவர் தோளுக்குப் பின்னால் வந்து நின்றார். அவருடைய மூச்சு கழுத்தில் பட்டது. கீழே கடையில் டயருக்குக் காற்றடிக்கும் சத்தம். இன்னும் கொஞ்சம் அடித்தால் வெடிக்கும் என்று ரைட்டருக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது.

“மூன்று இரவுகள் உறக்கமின்றிக் காவல் காத்த இவ்வீரர், முழங்கால் அளவு பனியில் தன்னந்தனியாகத் தவழ்ந்து முன்னேறி, எதிரியின் இயந்திரத் துப்பாக்கியைச் செயலிழக்கச் செய்து, படுகாயமுற்ற நிலையிலும் இடம்விட்டு அகலாது, இரவு முழுவதும் பனியிலேயே கிடந்து, விடியற்காலையில் வீரமரணம் எய்தினார்.”

காற்றடிப்பது நின்றது. ரைட்டர் தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. முதுகில் வேர்வை ஒரே கோடாக இறங்குவது தெரிந்தது.

“பனி…” என்றார் வயர்லெஸ்காரர் மெதுவாக.

ரைட்டர் கண்களை மூடிக்கொண்டார்.

“என்ன பனி அன்னைக்கு.”

“கேட்டீங்களா,” என்றார் செயலாளர். குரல் தழுதழுத்தது. “கிடங்குல பூட்ஸெல்லாம் விறைச்சுப்போய்க் கிடந்துச்சு. தட்டித் தட்டித்தான் எடுத்துக் குடுத்தேன்.”

“என் காதுல மாட்டியிருந்த கருவி அப்படியே ஒட்டிக்கிச்சு. பிய்ச்சு எடுக்க வேண்டியதாப் போச்சு. தோலோட வந்துச்சு.” வயர்லெஸ்காரர் காதைத் திருப்பிக் காட்டினார். அங்கே உண்மையிலேயே ஒரு தழும்பு இருந்தது.

ரைட்டர் ஆசுவாசப்பட்டிருக்க வேண்டும். மாறாக, மயிர்க்கால்கள் குத்திட்டன. பிடிபடுவதற்குத்தான் அவர் முப்பத்திரண்டு வருடம் தயாராகி இருந்தார். இதற்குத் தயாராகவில்லை. அந்தக் கோடையில் நின்ற ஒரே மனிதர் தான்தானோ என்ற சந்தேகம் அவருக்கே வந்துவிட்டது.

மறுநாள் காலை மூவரும் பிரதியை எடுத்துக்கொண்டு கொட்டாவியின் மனைவி வீட்டுக்குப் போனார்கள். அந்த அம்மாள் துணி தைத்துப் பிழைத்தவர். ஜன்னலோரம் தையல் மிஷின், மேலே நூல்கண்டுகள் செருகிய பலகை, அதற்கும் மேலே கண்ணாடிப் பெட்டிக்குள் பதக்கம். கழுத்தில் அளவு நாடாவோடு உட்கார்ந்து கேட்டார். இந்தமுறை செயலாளரே படித்தார், தேவையான இடங்களில் நிறுத்தி.

படித்து முடித்ததும் அந்த அம்மாள் கேட்டது ஒன்றுதான்.

“ராத்திரி முழுக்கவா?”

“முழுக்கம்மா. அசையலை.”

அவர் எழுந்து உள்ளே போனார். ஒரு கம்பளியை எடுத்து வந்தார். மடிப்புக் கலையாத, ஓரங்களில் சாயம் போன ராணுவக் கம்பளி. அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

“லீவு முடிஞ்சு கிளம்பும்போது பெட்டி மூடலை. வெயில் ஊருக்குப் போறீங்க, இது எதுக்குன்னு நான்தான் எடுத்து வெளிய வெச்சேன்.” அவர் அழவில்லை. கம்பளியின் ஓரத்தில் ஒரு பிசிறை விரலால் தேடிக்கொண்டிருந்தார். “அவருக்குக் குளிர் தாங்காது அண்ணே. மழை பேஞ்சாலே போர்த்திக்குவார். ராத்திரி முழுக்கன்னா…”

“போர்ல எங்க கொண்டுபோய் நிறுத்துவாங்கன்னு யாருக்கும்மா தெரியும்?” என்றார் செயலாளர் பெருந்தன்மையாக.

ரைட்டர் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். பதக்கம் அந்த அம்மாளின் தலைக்கு நேர் மேலே இருந்தது. வாயைத் திறந்தால் அது சுவரில் இருக்காது. திறக்காவிட்டால் இந்த அம்மாள் இனி ஒவ்வோர் இரவும் புருஷனைப் பனியில் போட்டுவிட்டுத் தூங்க வேண்டும்.

“அண்ணி,” என்றார். அது தன் குரல்தானா என்று தெரியவில்லை. “அங்க பனியே இல்ல.”

“ரைட்டரே, தண்ணி குடிங்க,” என்றார் செயலாளர்.

“இல்ல, நான் சொல்லிடறேன். அந்தப் பேப்பர் வேற யாருக்கோ எழுதினது. மேஜர் கேட்டார், நான் பேரை மாத்தி அடிச்சுக் குடுத்தேன். பனியை எடுக்க மறந்துட்டேன். அவர் மரத்தடியில தூங்கிட்டிருந்தார். மத்தியானம். நல்ல வெயில்.”

வயர்லெஸ்காரர் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். “மறந்துட்டாராம். அப்ப நாங்க எதுல நின்னோம், பஞ்சுலயா?”

“தப்பா எடுத்துக்காதீங்கம்மா,” என்றார் செயலாளர், குரலைத் தாழ்த்தி. “இவர் ஆபீஸ் டென்ட்டுக்குள்ள உக்காந்திருந்தவர். வெளிய நடந்தது இவருக்கு எப்படித் தெரியும்? இப்ப ஞாபகமும் கொஞ்சம் நழுவுது. ரெண்டு கடிதம் எழுதினார், ரெண்டும் தப்பு. என்கிட்ட அத்தாட்சி இருக்கு.”

ரைட்டர் மீண்டும் வாயைத் திறந்தார். உள்ளே சொற்கள் இருந்தன, ஆனால் எதிரே கையெழுத்தும் முத்திரையும் இட்ட ஒரு தாள் இருந்தது, தழும்பேறிய ஒரு காது இருந்தது. தன்னுடைய தட்டச்சை எதிர்த்து அவரால் வாதாட முடியவில்லை.

விடைபெறும்போது மற்ற இருவரும் முன்னால் இறங்கினார்கள். ரைட்டர் செருப்பில் காலை நுழைக்க முடியாமல் தடுமாறிக்கொண்டிருந்தார். அந்த அம்மாள் கதவைப் பிடித்தபடி நின்றார். கம்பளி இன்னும் கையில் இருந்தது.

“தம்பி.”

“அண்ணி.”

“எந்தப் பக்கமாப் படுத்திருந்தார்?”

ரைட்டர் நிமிர்ந்தார். “இடது பக்கமா. முழங்காலை மடக்கிட்டு. கையைக் கன்னத்துக்கு அடியில வெச்சிட்டு.” செருப்பு காலிலிருந்து நழுவியது. “குறட்டை. எனக்கு வேலையே ஓடலை. உள்ளேர்ந்து அதட்டினேன். நிறுத்தினார். திரும்ப ஆரம்பிச்சுட்டார்.”

“நிறுத்த மாட்டார்,” என்றார் அவர்.

அந்த முகத்தில் வந்தது என்ன என்று ரைட்டரால் சொல்ல முடியவில்லை. ஒரு கணம் அது இளகியது. பிறகு அவர் தலையைத் திருப்பிச் சுவரைப் பார்த்தார், பதக்கத்தைப் பார்த்தார், மறுபடி ரைட்டரைப் பார்த்தார். துணியை வெட்டுமுன் பார்க்கிற பார்வை.

“இதை வேற யார்கிட்ட சொல்லியிருக்கீங்க?”

“யார்கிட்டயும் இல்ல.”

கதவு சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் விழும் சத்தம். ரைட்டர் வாசலிலேயே நின்றார். கீழே தெருவில் செயலாளர் வெயில் தாங்காமல் தீர்மானத்தின் நகலால் தலையை மறைத்துக்கொண்டு, சீக்கிரம் வரச்சொல்லிக் கையாட்டினார். உள்ளே தையல் மிஷின் ஓடத் தொடங்கும் என்று ரைட்டர் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார். அது ஓடினால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஏனோ நினைத்தார். அது ஓடவில்லை. நடமாட்டச் சத்தமும் இல்லை. கதவுக்கு அந்தப் பக்கம், ஒரு கையெட்டும் தூரத்தில், அந்த அம்மாளும் அப்படியே நின்றுகொண்டிருந்தார் போலும்.

கல்லில் பனிக்கு மட்டும் இரண்டு வரி போயிற்று. இடம் போதாமல் அந்தக் கோடைத் தேதியை விட்டுவிட்டார்கள்.