தண்ணீர் ஏறாத வீடு

நான்காவது வீட்டிலும் ஃபிரிட்ஜ் செங்கல் மேல் ஏறி நின்றது.

வினார்தி ஃபிரிட்ஜைப் பார்த்தாள். பிறகு தரகர் ஜுமாதியைப் பார்த்தாள். ஜுமாதி கூரையைப் பார்த்தார்.

"இது எதுக்கு பாக், செங்கல்?"

"கூட்டறதுக்கு வசதி இபு. அடியில தொடப்பம் நல்லா போகும் பாருங்க." அந்த ஊரில் பாக் என்றால் ஐயா, இபு என்றால் அம்மா.

"நாலு வீட்டுக்காரங்களும் அவ்ளோ சுத்தக்காரங்களா?"

"வடக்கு செமராங்கே அப்படித்தான் இபு. சுத்தம்னா உயிரை விடுவாங்க."

சுவரில் பிளக் பாயிண்டுகள் எல்லாம் அவள் தோள் உயரத்தில் இருந்தன. அதைக் கேட்டால் குழந்தைகள் கை வைக்காமல் இருக்க என்பார். மூன்றாவது வீட்டில் அப்படித்தான் சொன்னார். இரண்டாவது வீட்டில் கட்டிலின் நான்கு காலுக்கும் பெயின்ட் டப்பா முட்டுக் கொடுத்திருந்தார்கள். அதற்கு, வீட்டுக்காரருக்கு முட்டிவலி, இறங்க ஏற வசதி என்றார். ஜுமாதியிடம் எதற்கும் ஒரு பதில் இருந்தது. கடல் ஏறி வீட்டுக்குள் வரும் என்ற ஒன்றை மட்டும் அவர் வாயிலிருந்து வரவழைக்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் ஆரம்பித்த அலைச்சல். இன்று சனி. திங்கள் விடியற்காலை ஐந்தரைக்கு வினார்தி துறைமுகத்தில் வேலையில் சேர வேண்டும். ஏற்றுமதிக்குப் போகும் நண்டையும் இறாலையும் பெட்டி பெட்டியாகத் திறந்து, நோய் இல்லை என்று சான்று எழுதும் அதிகாரி அவள். இதற்கு முன் ஆறு வருடம் அதே தீவின் தெற்குக் கரையில் சிலாசாப் துறைமுகம். அங்கே ஒரு வாடகை அறை. குளிக்க, துவைக்க எல்லாவற்றுக்கும் வரிசை. ஒவ்வொரு சனிக்கிழமையும் மத்தியானம் பஸ் ஏறி, நாலு மணி நேரம் குலுங்கி, மலைமேல் இருக்கும் வோனொசோபோவுக்குப் போவாள். அங்கேதான் கணவன் பிரசோஜோ இருந்தான். ஞாயிறு சாயங்காலம் அதே பஸ், அதே குலுக்கல். மழைக்காலத்தில் பஸ்ஸுக்குள்ளும் ஒழுகும்.

பிரசோஜோ தையல் மெஷின் பழுது பார்ப்பவன். தையல் மெஷின் எந்த ஊரில்தான் கெட்டுப் போகாது? இருந்தாலும் ஆறு வருடமும் அவளைச் செல்லமாக 'தெக்' என்று கூப்பிட்டு அவன் ஒரே பதிலைத்தான் சொன்னான். "அந்த ஒண்டிக் குடித்தன ரூமுக்கு நான் எப்படி தெக் வர்றது? ஒரு நல்ல வீடாப் பாரு, மறுநாளே மூட்டை கட்டிக்கிட்டு வந்துர்றேன்." செமராங்குக்கு மாற்றல் வந்ததும் வினார்திக்கு முதலில் ஞாபகம் வந்தது அந்தப் பேச்சுதான். பெரிய ஊர். வீடு கிடைக்காமலா போகும்? திருமணமான பதினோரு வருடத்தில் ஆறு வருடம் பஸ்ஸில் போய்விட்டது, இனி வாரத்தில் ஏழு நாளும் ஒரே கூரைக்குக் கீழே இருக்கப்போகிறோம் என்று சக ஊழியர்கள் அத்தனை பேரிடமும் சொல்லிவிட்டு வந்தாள். இனி அடுத்த மாற்றல் ஐந்து வருடம் கழித்துத்தான். இப்போது வீடு அமையாவிட்டால் இன்னும் ஐந்து வருடம் பஸ்தான். அவளுக்கு வயது முப்பத்தெட்டு.

ஊரின் தெற்கே மேட்டில் வீடுகளுக்குக் குறைவில்லை. நேற்று ஒன்றைப் பார்த்தாள். காற்றோட்டம், கொல்லையில் மாமரம், சொட்டுத் தண்ணீர் நிற்காத தரை. ஆனால் அங்கிருந்து துறைமுகத்துக்கு லாரி நெரிசலில் ஒன்றரை மணி நேரம். விடியற்காலை மூன்றரைக்கே எழுந்து ஓடினால் புருஷனும் பெண்டாட்டியும் ஒரே வீட்டில் இருந்தும் முகம் பார்த்துக்கொள்ள முடியாது. அதற்கு வோனொசோபோவே தேவலாம். வேண்டாம் என்று வந்துவிட்டாள்.

ஐந்தாவது வீடு அழகாக இருந்தது. புதுப் பச்சைப் பெயின்ட், முன்னால் மல்லிகைச் செடி, ஃபிரிட்ஜ் தரையோடு தரையாக. வினார்திக்கு நெஞ்சு லேசாகிவிட்டது. ஆனால் ஒரு விஷயம் உறுத்தியது. இரண்டு நாளாக ஜுமாதி எந்த வீட்டையும் பதினோரு மணிக்கு மேல் காட்டவில்லை. மத்தியானம் ஆனால் மகளுக்கு ஜுரம், பைக்கில் பெட்ரோல் இல்லை, தொழுகைக்கு நேரமாச்சு என்று நழுவிவிடுவார்.

"பாக், இந்த வீட்டை மூணு மணிக்கு இன்னொரு வாட்டி பாக்கறேன்."

"எதுக்கு இபு? வீடு எங்க ஓடிப்போகப் போகுது?"

"வீடு ஓடாது. வேற ஏதாவது ஓடி வருதான்னு பாக்கணும்."

ஜுமாதி தலையைச் சொறிந்தார். இருந்தாலும் மூன்று மணிக்கு வந்தார். வீட்டுக்கார அம்மாள் டீயும் சுடச்சுட, உள்ளே காய்கறி வைத்துச் சுருட்டிப் பொரித்த லும்பியாவும் கொண்டுவந்து வைத்தாள். முதல் லும்பியாவைக் கடிக்கும்போது குளியலறைப் பக்கம் களக் களக் என்று சத்தம் கேட்டது. இரண்டாவதை எடுக்கும்போது சாக்கடைத் துளை வழியாகக் கறுப்புத் தண்ணீர் எட்டிப் பார்த்தது. பிறகு அது சாவகாசமாகக் கூடத்துக்குள் நுழைந்தது.

"இது கடல் தண்ணி இல்லம்மா," என்றாள் வீட்டுக்காரி, காலைத் தூக்கி நாற்காலியில் மடித்து வைத்துக்கொண்டே. "குளிக்கிற தண்ணி. கொஞ்சம் திரும்பி வருது, அவ்ளோதான்."

"குளிக்கிற தண்ணியில நண்டுக் குஞ்சு எப்படிங்க வந்துச்சு?"

ஜுமாதி மறுபடியும் கூரையைப் பார்த்தார். வினார்தி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கணுக்கால் அளவு தண்ணீரில் வெளியே நடந்தாள். அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. இரண்டு வருட வாடகையை முன்கூட்டியே வாங்கிக்கொண்டு இப்படித் தொட்டிக்குள் உட்கார வைக்கப் பார்க்கிறார்களே!

வீடுகளின் வீடியோ ஒவ்வொன்றும் பிரசோஜோவுக்குப் போயிருந்தது. சாயங்காலம் போன் செய்தான்.

"பச்சை வீடு நல்லாத்தானே இருந்துச்சு?"

"தண்ணி வருது மாஸ்." புருஷனை அவள் மாஸ் என்றுதான் கூப்பிடுவாள்.

"சரி, தண்ணி வராத வீடா வேற பாரு. ஆனா தெக், ஒண்ணு யோசிச்சியா? உப்புக் காத்து."

"உப்புக் காத்துக்கு என்ன?"

"புறாக்களுக்கு ஆகாது. தொண்டை கட்டிக்கும். தங்கமான குரல் எல்லாம் தகரமாயிடும்."

பிரசோஜோ பதினான்கு கூவும் புறாக்கள் வளர்க்கிறான். காலையில் கூண்டுகளை உயரக் கம்பத்தில் ஏற்றிவிட்டு, கீழே காப்பிக் கோப்பையோடு உட்கார்ந்து எது எப்படிக் கூவுகிறது என்று கேட்டுக்கொண்டிருப்பான். அதை வினார்தி ஒருநாளும் குறை சொன்னதில்லை. மனிதனுக்கு ஒரு பைத்தியமாவது இருக்கட்டும் என்று விட்டிருந்தாள். ஆனால் இன்று, பாவாடை ஓரத்தில் சாக்கடை நாறிக்கொண்டிருக்கும்போது, அவளால் தாங்க முடியவில்லை.

"ஆறு வருஷமா எனக்குத் தொண்டை கட்டலையா மாஸ்? நானும் உப்புக் காத்துலதானே நின்னேன்?"

"நீ கூவணும்னு யாரு கேட்டா?" என்று சிரித்தான் அவன். அவள் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும், "சும்மா சொன்னேன் தெக். நாளைக்குப் பாரு. கிடைக்கும்," என்று வைத்துவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை ஜுமாதி பத்து மணிக்கு வரவில்லை. மத்தியானம் மூன்று மணிக்கு, தண்ணீர் ஏறும் நேரத்தில், தானாக வந்தார். முகத்தில் நேற்றைய சாமர்த்தியம் இல்லை.

"வாங்க இபு. எங்க சின்னம்மா வீட்டுப் பக்கத்து போர்ஷன். இதை யாருக்கும் காட்டறதில்லை. பாத்தவங்க எல்லாம் சிரிச்சுட்டுப் போயிடுவாங்க."

கெபிதிங் சந்து முழுக்க முழங்கால் அளவு தண்ணீர். சந்தின் கடைசியில் அந்த வீடு ஏழு படிகளின் மேல் உட்கார்ந்திருந்தது. ஜுமாதியின் சின்னம்மா கஸ்மீனா படியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கீழே நாலு படி தண்ணீருக்குள் இருந்தது. மேலே மூன்று படி காய்ந்திருந்தது.

"மூணு தடவை மண்ணைக் கொட்டித் தரையை ஒசத்தியாச்சு," என்றாள் கஸ்மீனா. "பதினெட்டு வருஷமா ஒரு சொட்டு உள்ள வந்ததில்லை. ஆனா கூரையை ஒசத்தக் கையில வலு இல்லம்மா. அது இருந்த எடத்துலயே இருக்கு."

வினார்திக்குச் சங்கதி உள்ளே போனதும்தான் புரிந்தது. வாசல் நிலை அவள் தலைக்கு நாலு விரல் மேலே இருந்தது. ஜன்னல் முழங்காலிலிருந்து ஆரம்பித்தது. கூடத்தில் கையை உயர்த்தினால் உத்தரத்தைத் தொடலாம். ஜுமாதி அரைவட்டமாக வளைந்து நின்றார். வினார்தி குள்ளம். அவள் நிமிர்ந்து நின்றாள். தரை பளபளவென்று உலர்ந்திருந்தது. சுவரில் ஈரத்தின் வாசனைகூட இல்லை. துறைமுகத்தின் கிரேன்கள் ஜன்னலில் தெரிந்தன, நடந்தே போகலாம்.

மேலும் ஒரு அதிசயம். அடுத்த வீட்டுக் கம்பத்தில் ஒரு புறா கூவிக்கொண்டிருந்தது. தடித்த, நிதானமான குரல்.

"அது எத்தனை வருஷமா இங்க இருக்கு?" என்று கேட்டாள்.

"என் தம்பியோடது. எட்டு வருஷம். போட்டியில கோப்பையெல்லாம் வாங்கியிருக்கு," என்றாள் கஸ்மீனா.

வினார்தி அப்போதே படிக்கு வந்து போனைப் போட்டாள். ஒன்றும் சொல்லாமல் போனை அந்தக் கம்பத்தை நோக்கி நீட்டினாள்.  மறுமுனையில் பிரசோஜோ இரண்டு நிமிடம் முழுசாகக் கேட்டான். அவள் பேச்சை அவன் இத்தனை பொறுமையாகக் கேட்டதாக அவளுக்கு நினைவில்லை.

"அடேயப்பா! என்ன குரல்! எங்க இருக்க?"

"கடல்லேருந்து அரைக் கிலோமீட்டர். எட்டு வருஷமா உப்புக் காத்துல கூவுது. வீடு காய்ஞ்சு கிடக்கு மாஸ். சந்து பூரா தண்ணி, வீட்டுல இல்ல. கூரை மட்டும் கொஞ்சம் தாழ்வு."

"எவ்ளோ தாழ்வு?"

"நீங்க குனியணும்."

பிரசோஜோ நல்ல உயரம். கொஞ்சம் யோசித்தான். "தினமும் குனிஞ்சுகிட்டு எப்படி தெக்?"

"அப்போ கூரையை ஒசத்துவோம். நான் லோன் போடறேன்."

"அதுக்கில்ல... இந்த வருஷம் எனக்கு வடக்கு திசை ஆகாதுன்னு சொன்னாங்க. பொறந்த நாளை வச்சுக் கணக்குப் போட்டுப் பாத்தாங்க."

"போன மாசம் வடக்க இருக்கற உங்க அண்ணன் வீட்டுல பத்து நாள் இருந்தீங்களே, அப்போ ஆச்சா?"

 தண்ணீர் படியில் மோதும் சத்தம் கேட்டது.  அவன் சண்டை போடுவான் என்று வினார்தி நினைத்தாள். போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை.

"தெக், உண்மையைச் சொல்றேன், கோச்சுக்காத," என்றான் அவன், மெதுவாக, கனிவாகவே. "நீ சனிக்கிழமை வர்ற. நல்லா சமைச்சுச் சாப்பிடறோம், பேசிச் சிரிக்கிறோம். ஞாயித்துக்கிழமை போற. அது நல்லாத்தானே இருக்கு? எனக்குப் பழகிப்போச்சு. எதுக்கு அதைக் கலைக்கணும்?"

வினார்தி மேல் படியில் உட்கார்ந்துவிட்டாள். ஒழுகும் பஸ்ஸில் மடியில் பிளாஸ்டிக் பையை விரித்துக்கொண்டு போன ஆறு வருட சனிக்கிழமைகளும் வரிசையாக நினைவுக்கு வந்தன. அவனும் அந்தப் பக்கம் தன்னைப் போலவே தவித்துக்கொண்டு கிடப்பான் என்று நினைத்துத்தான் ஒவ்வொரு வாரமும் ஏறினாள். அவன் தவிக்கவே இல்லை. சுகமாக இருந்திருக்கிறான். இந்த மூன்று நாளும் ஜுமாதி சொன்ன பொய்களை மொத்தமாகச் சேர்த்தாலும் இதன் பக்கத்தில் வராது. அவமானமாக இருந்தது. அதைவிட, இது தனக்கு இத்தனை நாள் தெரியாமல் போனதே என்பது அதிகம் வலித்தது.

"சரி மாஸ்," என்றாள். "கொஞ்ச நேரத்துல கூப்பிடறேன்."

முழங்கால் வரை கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு, நோட்டைத் தலைமேல் பிடித்தபடி, தண்ணீரைக் கிழித்துக்கொண்டு ஒருவர் வந்தார். தெருத் தலைவர் துர்முதி. சந்தில் யார் குடிவந்தாலும் அவர் நோட்டில் பெயர் ஏற வேண்டும். ஜுமாதி போய்ச் சொல்லியிருக்கிறார். அவர் மேல் படியில் உட்கார்ந்து, பேனாவை உதறினார்.

"பேரு சொல்லுங்க. குடும்பத் தலைவர் பேரு?"

"வினார்தி."

"அது உங்க பேரு. வீட்டுக்காரர் பேரு?"

"இந்த வீட்டுல நான்தான் இருக்கப்போறேன் பாக். என் பேரையே எழுதுங்க."

துர்முதி கஸ்மீனாவைப் பார்த்தார். கஸ்மீனா வெங்காயத்தைப் பார்த்தாள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு எழுதினார்.

"எத்தனை பேரு?"

"ஒருத்தி."

"வீட்டுக்காரர் வந்து போவாரில்ல?"

"தெரியாது."

"வந்தா ஒண்ணும் தப்பில்ல. ஆனா ராத்திரி தங்கறதா இருந்தா ஒரு விதி இருக்கு இபு. எல்லாருக்கும் உள்ளதுதான்," என்று கொஞ்சம் சங்கடத்தோடு விதியைச் சொன்னார் துர்முதி. வினார்தி கவனமாகக் கேட்டுக்கொண்டாள். கையெழுத்துப் போட்டாள். அவர் தண்ணீரில் இறங்கிப் போன பிறகு மறுபடி போன் செய்தாள். 

"மாஸ், வீடு பாத்து முடிச்சாச்சு. சனிக்கிழமை நான் வரலை. இனிமே நீங்க வரணும்னு தோணுச்சுன்னா வாங்க. ராத்திரி தங்கறதா இருந்தா அடையாள அட்டை நகல் ஒண்ணு எடுத்துட்டு வாங்க. விருந்தாளிங்க தெருத் தலைவர்கிட்ட பதிஞ்சுக்கணுமாம்."