தொகையை யார் முதலில் சொல்வது

சூரியன் மறைவதைப் பார்க்கத் தலைக்கு எண்ணூறு.

"சூரியன் வேணாம்மா, ஆறு மட்டும் பார்த்தா எவ்வளவு?" என்று டிக்கெட் ஜன்னலில் கேட்டார் என் கணவரின் அண்ணன்.

"மேகம் மறைச்சா பாதியைத் திருப்பித் தருவீங்களா?" இது என் கணவர். மூன்று மாதமாக முகம் கொடுத்துப் பேசாத இருவரும், டிக்கெட் விற்ற பெண்ணின் உயிரை எடுப்பதில் மட்டும் ஒற்றுமையாக இருந்தார்கள்.

படகுச் சவாரி என் ஏற்பாடு. வீட்டில் பேச உட்காரவைத்தால் யாராவது ஒருவர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறார். நடு ஆற்றில் எங்கே போவார்கள்? பூட்டிக் கிடக்கும் குடும்பப் பாத்திரக்கடையை அண்ணன் எடுத்துக்கொண்டு, தம்பியின் பங்குக்குப் பணம் கொடுத்துவிட வேண்டும். இதில் இருவருக்கும் சம்மதம்தான். எவ்வளவு என்பதில்தான் இழுபறி. நாளைக்குள் கடையைத் திறக்காவிட்டால் கட்டடக்காரர் வேறு ஆளுக்கு விட்டுவிடுவார். ஆனால் தொகையை முதலில் வாய்விட்டுச் சொன்னவன் ஏமாளி என்று இரண்டு பிள்ளைகளுக்கும் பாலோடு சேர்த்துப் புகட்டியிருக்கிறார் என் மாமனார்.

முதல் பாலத்தைக் கடந்தோம்.

"உன் மனசுல என்ன இருக்கு, சொல்லேன்டா," என்றார் அண்ணன்.

"நீங்க பெரியவர். நீங்க சொல்லி நான் மறுப்பேனா?"

"கேக்கறவன்தானே சொல்லணும்?"

"குடுக்கறவர்தாண்ணே சொல்லணும்."

இரண்டாவது பாலம். கரையோரக் கண்ணாடிக் கட்டடங்களெல்லாம் விளக்கிவைத்த செப்புக்குடங்களாகப் பளபளத்தன. படகிலிருந்த அத்தனை பேரும் மேற்குப் பக்கம் ஓடிப் படம் எடுத்தார்கள். இவர்கள் இருவர் மட்டும் அசையவில்லை.

"நல்ல காத்து."

"ஆமாண்ணே. நல்ல காத்து."

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம்போல் இருந்தது. படகு திரும்பிவிட்டது. படகுத்துறை விளக்கும் தெரிந்தது. அண்ணன் காலால் செருப்பைத் துழாவத் தொடங்கினார்.

"இருபத்திரண்டு லட்சம்!" என்றேன்.

இருவரும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பினார்கள்.

"அடிப்பாவி, அடிமாட்டு விலைக்கு வித்துட்டியே!" என்றார் கணவர்.

"எது, அடிமாட்டு விலையா? உடுத்தின துணியையும் சேர்த்து உருவறாளேடா உன் பொண்டாட்டி!" என்றார் அண்ணன்.

"ரெண்டு பேருக்கும் வயிறு எரியுதா? அப்ப விலை சரிதான். எங்க, கையைக் குடுங்க."

படகுக்குக் கயிறு கட்டுவதற்குள் கைகுலுக்கிவிட்டார்கள், முறைத்தபடியே. வீடு வரும்வரை இருவரும் பழையபடி அண்ணன் தம்பியாகச் சேர்ந்துகொண்டு என்னைத் திட்டித் தீர்த்தார்கள்.

ஆக, கடை அண்ணனுக்கு வரவு. பணம் தம்பிக்கு வரவு. திட்டு எனக்கு வரவு. நன்றி மட்டும் இருவர் பேரிலும் பாக்கி.