மிளகாய் வெயிலில் காய்ந்த பெட்டி

காக்கை மிளகாயைத் தொடாது. ஆனாலும் முகம்மது கனி, தலையில் ஈரத்துண்டைப் போட்டுக்கொண்டு, கடையின் மொட்டைமாடியில் காக்கைக்குக் காவல் இருந்தார். பரப்பியிருந்த வற்றல் மிளகாய்க்கு நடுவே ஒரு சுளகில், மூடி கழற்றிய அலுமினியப் பெட்டி ஒன்று வெயில் காய்ந்துகொண்டிருந்தது. தடித்த அகராதி ஒன்றின் அளவுதான். பளபளப்பாக எது கண்ணில் பட்டாலும் காக்கை தூக்கிப் போய்விடும் என்பது அவருடைய அச்சம்.

அது ஒரு காரின் கணினி. எஞ்சினுக்குள் எந்த நொடியில் எவ்வளவு பெட்ரோல் தெளிக்க வேண்டும், எந்த நொடியில் தீப்பொறி விழ வேண்டும் என்று முடிவு செய்வது அதன் வேலை. அதிலும் இது பந்தயக் கார்களுக்கென்றே தொண்ணூறுகளில் ஒரு வெளிநாட்டுப் பட்டறையில் கையால் செய்யப்பட்ட வகை. நம் நாட்டுக்கு வந்தவற்றை விரல்விட்டு எண்ணிவிடலாம். அத்தகைய பொருளை மிளகாயோடு சேர்த்தா காயவைப்பது என்று கேட்பவர்கள் கனியின் தொழிலை அறியாதவர்கள். கீழமாசி வீதியில் அவர் குடும்பத்துக்கு வற்றல் வணிகம். ஈரம் பட்ட சரக்கு எதுவாயினும் வெயில் காட்டாமல் கடைக்குள் ஏற்றக் கூடாது. பழைய உரிமையாளரின் ஒட்டுத்தாளைச் சுரண்டி எடுக்காமல் அடுக்கக் கூடாது. இவ்விரண்டும் அங்கே தொழுகைக்கு அடுத்த கடமைகள்.

கார் அவருடையதன்று, மனைவி ஆயிஷா சித்திகாவினுடையது. லாரி வைத்திருந்த ஆயிஷாவின் அத்தா, மகளை ஓட்டப் பழக்கியதோடு நில்லாமல் பந்தயத்துக்கும் அனுப்பினார். ஊர் என்ன சொல்லும் என்று கேட்டவர்களிடம், ஊருக்கு லைசென்ஸ் இருக்கிறதா என்று திருப்பிக் கேட்டவர் அவர். கொடைக்கானல் மலைப்பாதைப் பந்தயங்களில் ஆயிஷா ஓட்டிய வெள்ளைக் கார், திருமணத்துக்குப் பிறகும் ஞாயிறுதோறும் அவரோடு ஒரு சுற்றுப் போய்வந்தது. பிறகு சைலன்சருக்கு வெல்டிங் வைத்த ஒரு புண்ணியவான், பேட்டரி இணைப்பைக் கழற்ற மறந்தான். கணினி கருகிப்போயிற்று. அதற்குப் பதிலாகச் சாதாரணக் கணினி ஒன்றை மாட்டினார்கள். ஆயிஷா ஒரே ஒருமுறை ஆற்றுப்பாலம் வரை போய்த் திரும்பிவந்து சாவியை ஆணியில் மாட்டினார்.

"மூக்கணாங்கயிறு போட்ட மாதிரி இருக்குங்க. இது வேற யாரோ வண்டி" என்றார். அதன் பிறகு அதைத் தொடவில்லை. கோரிப்பாளையத்தில் அவருடைய பிறந்த வீட்டுக் கொட்டகையில், துணி போர்த்தியபடி அது கிடந்தது.

இப்போது அவருடைய தம்பி அல் அமீன் அந்த வீட்டை இடித்துக் கட்டப்போகிறார். ஹஜ்ஜுப் பெருநாளுக்குள் கொட்டகை காலியாக வேண்டும். "ஓடாத வண்டிதானேக்கா? பழைய இரும்புக்காரன்கிட்டச் சொல்லிருக்கேன்" என்று அவர் கேட்டபோது, ஆயிஷா "கொடுத்துரு" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார். அன்றைய குழம்பில் உப்பே இல்லை. கனி அதைச் சொல்லாமல் உண்டு எழுந்தார். மறுநாளே மனைவிக்குத் தெரியாமல் தேடத் தொடங்கினார்.

பழைய கார்ப் பிரியர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் சேர்ந்தார். அவற்றின் யோக்கியதையைச் சொல்ல வேண்டுமே! கேட்ட கேள்விக்கு விடை சொல்பவர் எவரும் இலர். காலை வணக்கமும் ரோஜாப்பூவும் அனுப்புபவர் பலர். ஒருவர் குளிர்சாதனப் பெட்டியின் ஸ்டெபிலைசரைப் படம்பிடித்து, "ஒரிஜினல் ரேஸ் பீஸ் பாய்" என்று அனுப்பினார். இன்னொருவர் அனுப்பிய பார்சலில் கணினியின் வெற்றுக் கூடும், எடைக்கு ஒரு கருங்கல்லும் இருந்தன. கனி பொறுமை இழக்கவில்லை. கருங்கல்லைக்கூட எறியாமல் கடைக் கதவுக்கு முட்டுக்கொடுத்தார்.

முடிவில் வால்பாறையிலிருந்து ஓர் அழைப்பு வந்தது. எஸ்டேட்டில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்ற இம்மானுவேல் என்பவர், இளமையில் தாம் ஓட்டிய பந்தயக் காரின் கணினியைப் பிஸ்கட் டப்பாவில் வைத்திருந்தார். கனி நேரில் போனார். இம்மானுவேல் கேட்டது ஒரே கேள்விதான்.

"யாரு ஓட்டப்போறது? நீங்களா?"

"எனக்கு சைக்கிளே தடுமாறும் சார். என் சம்சாரம்."

இம்மானுவேல் எழுந்து உள்ளே போய், டப்பாவோடு கொண்டுவந்து கொடுத்தார். "மலைக்காடு பாருங்க, ஈரம் ஏறிருக்கும்" என்று மட்டும் சொன்னார். அந்த ஒரு சொல் போதாதா? திறந்து பார்த்தால் உள்ளே பூஞ்சை வாடை. கறுத்த சில்லு ஒன்றின் முதுகில் பூஞ்சை பிடித்த சிறு ஒட்டுத்தாள். கனி அதை நகத்தால் சுரண்டி, பிசினையும் துடைத்துவிட்டு, சித்திரை வெயிலில் வைத்தார்.

காய்ந்த பெட்டியைப் புத்தாடை போலத் துணியில் சுற்றி, அண்ணா நகரில் கார்களின் மின்வேலை பார்க்கும் சூரியபிரகாஷிடம் எடுத்துப் போனார். அவன் பெட்டியைத் திறந்ததும் நெற்றியைச் சுருக்கினான்.

"பாய், இந்தச் சில்லு மேல ஒரு ஸ்டிக்கர் இருந்திருக்கணுமே?"

"இருந்துச்சு தம்பி. பூஞ்சை புடிச்சுக் கெடந்துச்சு. சுரண்டிட்டேன்."

"சுரண்டிட்டு?"

"வெயில்ல வச்சேன். சுக்காக் காஞ்சிருக்கு பாரு."

சூரியபிரகாஷ் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான். "எம்புட்டு நாளு?"

"ஒரு லோடு மிளகா காயுற நாளு."

அவன் சில்லைக் கழற்றி ஒரு கருவியில் பொருத்தினான். திரையில் ஒரே எழுத்து, மேலிருந்து கீழ்வரை, வரிசை வரிசையாக நின்றது. சில்லின் முதுகில் ஒரு சிறிய கண்ணாடிச் சாளரம் உண்டென்றும், வெயிலில் கலந்துள்ள புற ஊதாக் கதிர் அதற்குள் நாள்கணக்கில் விழுந்தால் எழுதி வைத்த கணக்கெல்லாம் அழியுமென்றும், அதைக் காப்பதற்கே அந்த ஒட்டுத்தாள் இருந்ததென்றும் அவன் விளக்கினான். கனி கேட்டுக்கொண்டிருந்தார். கேட்கக் கேட்க, அவருடைய கை தன்னையறியாமல் அந்த நகத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தது.

"விடுங்க பாய். அக்காகிட்ட, வால்பாறையிலயே செத்துப்போய்த்தான் வந்துச்சுன்னு சொல்லிருவோம்."

எளிய வழிதான். ஆனால் டப்பாவைக் கொடுத்தபோது இம்மானுவேலின் முகம் இருந்த விதம் கனிக்கு நினைவில் வந்தது. "கொடுத்த மனுசன் மேல பழியப் போடச் சொல்றியா? வேணாம்ப்பா" என்று பெட்டியைச் சுற்றி எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.

ஆயிஷா அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். கனி பெட்டியை முன்னே வைத்துத் துணியை விலக்கினார். கத்தி நின்றது. ஆயிஷா இரு கைகளாலும் அதைத் தூக்கி, திருப்பி, இணைப்பு முனைகளின் மேல் விரலை ஓட்டினார். அந்த முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தைக் கனி பல ஆண்டுகளாகக் கண்டதில்லை. அதைத் தம் வாயாலேயே அணைக்க வேண்டியிருந்தது. ஒன்று விடாமல் சொன்னார்.

"மிளகாயோடயா?" என்றார் ஆயிஷா.

"ஆமா."

"ஒரு வார்த்தை எங்கிட்டக் கேட்டிருந்தா, அந்த ஸ்டிக்கர்ல கைய வைக்காதீங்கன்னு சொல்லிருப்பேன்ல? எம் பொருளு. எனக்குத் தெரியாம எதுக்குச் செஞ்சீங்க?"

"கெடைக்காமப் போச்சுன்னா ரெண்டாவது தடவையா உனக்கு வருத்தம் வேணாமேன்னுதான்."

"இப்ப மட்டும்?"

ஆயிஷா அவரைக்காய்த் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அடுப்பில் சோறு பொங்கி வழிந்தது, இருவருமே எழவில்லை. வெகுநேரம் கழித்து, திரும்பாமலே கேட்டார்.

"வால்பாறைக்கு எதுல போனீங்க?"

"பஸ்லதான்."

"நாப்பது கொண்டை ஊசி வளைவு. உங்களுக்கு வாந்தி வருமே?"

"வந்துச்சு."

"எத்தனாவது வளைவுல?"

"ரெண்டாவதுலயே."

ஆயிஷாவின் தோள்கள் குலுங்கின. அழுகை என்று பதறி எழுந்த கனிக்கு, அது சிரிப்பு என்று உணரச் சிறிது நேரம் பிடித்தது. இரண்டும் கலந்தே இருந்தன போலும். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் ஆயிஷா திரும்பினார்.

"சரி. சில்லு வெறுமையாகிருச்சு. சில்லு செத்துருச்சா?"

"அது... அதை நான் கேக்கலயே."

"என்னத்தைக் கேட்டீங்க போங்க! அழிஞ்சா திருப்பி எழுதலாம்ல? சட்டையை மாட்டுங்க."

ஆயிஷா சொன்னது சரி. சில்லு உயிரோடுதான் இருந்தது. அதே வகை எஞ்சினுக்கு எவரோ எழுதிய பொதுவான கணக்கு ஒன்று சூரியபிரகாஷுக்குக் கிடைத்தது. ஆனால் அது கடையில் வாங்கிய தைத்த சட்டையைப் போன்றது. இந்த உடம்புக்கு ஏற்ப, ஓடும்போதுதான் பிடித்துத் தைக்க வேண்டும். கொட்டகையில் வைத்துப் புதுப் பெட்ரோல் ஊற்றி, குழாய்களை மாற்றி, பெட்டியைப் பொருத்தினார்கள். ஓடும்போதே கணக்கைத் திருத்துவதற்காக, சில்லின் இடத்தில் தற்காலிகமாக ஒரு வடத்தை மாட்டி, அதை மடிக்கணினியோடு இணைத்தான் சூரியபிரகாஷ்.

விடியற்காலையில் மேலூர் தாண்டிக் கொட்டாம்பட்டிச் சாலையில் ஏறினார்கள். ஆயிஷா ஓட்ட, மடிக்கணினியோடு அவன் பின்னால் இருந்தான். கனிக்கு அங்கே வேலை ஒன்றுமில்லை. ஆயினும் ஆயிஷா முன்கதவைத் திறந்துவிட்டு, "ஏறுங்க. எங்கிட்டுப் பாக்குறீங்க?" என்றிருந்தார்.

கார் இருமியது, திணறியது, ஒருமுறை நடுச்சாலையில் நின்றே போயிற்று. பின்னால் வந்த லாரிக்காரர் வைத சொற்களை இங்கே எழுத இயலாது.

"மூணாவது கியர்ல ஒரு எடத்துல மூச்சு முட்டுது தம்பி."

"பெட்ரோல் கம்மியாக் காட்டுதுக்கா. ஏத்துறேன்... இப்ப?"

"இப்பத் தண்ணியக் குடிச்ச மாதிரி மந்தமா இருக்கு. கொஞ்சம் எறக்கு. ஆங், அதுதான். அங்கேயே வை."

கனிக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர் மனைவியின் வலது காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். செருப்பைக் கழற்றி வைத்த அந்தப் பாதம், கைக்குழந்தையின் தொட்டிலை ஆட்டுவது போல மிதியை மெல்ல அழுத்துவதும் விடுவதுமாக இருந்தது. வெயில் ஏறுவதற்குள் இருமல் நின்றது. கொட்டாம்பட்டிக்கு முன் நீண்ட நேர்ச்சாலை வந்தது. ஆயிஷா மிதியை அழுத்தினார். கார் ஒருமுறை தாழ்ந்து, பிறகு ஒரே மூச்சில் பாய்ந்தது. இருபுறமும் தென்னந்தோப்புகள் பின்னால் சரிந்தன. கனி ஓதத் தொடங்கிய கலிமாவைப் பாதியில் மறந்தார்.

தேநீர்க் கடை ஒன்றின் முன் நிறுத்தினார்கள். சூரியபிரகாஷ் இறங்கித் தேநீர் சொல்லப் போனான். கனி மெல்லக் கேட்டார்.

"பழைய மாதிரி இருக்கா?"

"பழசு எப்படி இருந்துச்சுன்னு எனக்கே சரியா ஞாபகம் இல்லீங்க. இத்தனை வருசமா ஞாபகம் இருக்கிறதா நெனச்சுக்கிட்டுத்தான் இருந்திருக்கேன்." ஆயிஷா ஸ்டீயரிங்கின் மேல் கன்னத்தைச் சாய்த்துக்கொண்டார். "இது நல்லாருக்கு."

கைப்பேசி ஒலித்தது. அல் அமீன்தான். கனி ஒலிபெருக்கியில் போட்டார்.

"மச்சான், கொட்டகையில வண்டியக் காணோம்! இரும்புக்காரன் வந்து நிக்கிறான்!"

"வண்டி எங்கிட்ட இருக்கு தம்பி. அவனைப் போகச் சொல்லு" என்றார் ஆயிஷா.

"ஓடுதாக்கா?"

"கொட்டாம்பட்டியில நிக்கிறோம்."

அல் அமீன், "அப்ப எங்கக்கா நிப்பாட்டுவீங்க? உங்க சந்துக்குள்ள ஆட்டோவே நொழையாதே" என்றார். கவலையா, நல்லெண்ணமா என்று பிரித்தறிய முடியாத குரல். கேள்வி என்னவோ நியாயமானது. ஆயிஷா கணவரைப் பார்த்தார்.

"கடைக் குடோன் இருக்குல்ல?" என்றார் கனி. "மூட்டையை மாடிக்கு ஏத்திட்டா, கீழ எடம்."

"மழை வந்தா மிளகா நனையுமே?"

"தகரம் போட்டுக்கலாம். மிளகாய்க்குத் தகரம் போதும்."

ஆயிஷா அவருடைய கையை எடுத்து, கியர்க் குமிழின் மேல் வைத்து, அதன் மேல் தம் கையை வைத்துக்கொண்டார். நின்றபடி ஓடிக்கொண்டிருந்த எஞ்சினின் சீரான நடுக்கம் அவருடைய முழங்கை வரை ஏறியது.

"தெரியுதா?" என்றார்.

கனிக்குத் தெரிந்தது.