காபி மக்குல ஷேவிங் சோப்

சின்மயி, தூங்கிட்டியா? பரவால்ல, காலைல படி. எனக்குத் தூக்கம் வரல. பயமா இருக்கு.

நாளைக்கு சர்ச்ல ஜெனிக்காவுக்கு முதல் ஓலை வாசிக்கறாங்க. உங்க வீட்ல அது கிடையாதுல்ல. இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், யாருக்காவது ஆட்சேபணை இருந்தா சொல்லுங்கன்னு பாஸ்டர் மூணு ஞாயித்துக்கிழமை எல்லார் முன்னாடியும் கேப்பார். யாரும் வாயைத் தொறந்து நான் பார்த்ததில்ல. ஃபேன் சத்தம் மட்டும்தான் கேக்கும். ஆனா ஓலை வாசிச்சாச்சுன்னா எங்கப்பாவைப் பொறுத்தவரைக்கும் கல்யாணமே முடிஞ்ச மாதிரி. அதுக்குள்ள நான் அவர்கிட்ட ஒண்ணு சொல்லணும். சொல்ல தைரியம் வரல. அதான் உன்கிட்ட சொல்லிப் பாக்கறேன்.

மாப்பிள்ளை பேரு ஸ்டெபின். நாவலூர்ல ஏதோ ஆபீஸ்ல டீம் லீடு. நான் அத்தான்னு கூப்பிடணுமாம். அந்த வார்த்தையை இவன்கிட்ட வீணாக்க வேணாம்னு வெறும் 'வாங்க' போட்டு ஓட்டிக்கிட்டிருக்கேன்.

இன்னிக்கு மத்தியானம் சாப்பிட வந்தான். அப்பா பர்த்டேக்கு கிஃப்ட்டோட. ஃபாரின் ஷேவிங் சோப். வட்டமா, கல்லு மாதிரி, மூடி போட்ட மரக்கிண்ணத்துக்குள்ள. அப்பா மோந்து பார்த்து, "சந்தனம்"னார், முகமெல்லாம் பல்லு. உடனே இவன், "அங்கிள், சோப்புதான் உங்களுக்கு. கிண்ணம் என் கலெக்ஷனுக்கு வேணும். வேற ஒண்ணுல மாத்திக் குடுத்துடறேன்"னு சொல்லி பேக்லேர்ந்து எடுத்தான் பாரு, காபி மக் டி. அவன் ஆபீஸ் லோகோ போட்டது. கிஃப்ட்டைக் குடுத்துட்டு டப்பாவைத் திருப்பி வாங்கிட்டுப் போற ஜென்மத்தை நீ பார்த்திருக்கியா? அதுக்கும் எங்கப்பா, "மாப்பிள்ளை எவ்ளோ ப்ராக்டிகல்"ங்கறார். இவர் எப்படி ஹெட்மாஸ்டரா இருந்தார்னே தெரியல.

அப்புறம் பிரசங்கம். இந்த மாதிரி கட்டி சோப்பை உருக்கவே கூடாதாம். வாசனை செத்துடுமாம், நுரை வராதாம், உருக்கறவன் முட்டாளாம். துருவி, விரலை லேசா நனைச்சு, நடுவுல காத்து நிக்காம மக்குல அழுத்தி அழுத்தி அடைக்கணுமாம். எங்க பாஸ்டரே இவ்ளோ நேரம் பேச மாட்டார். பேசி முடிச்சதும் யார் துருவினாங்கன்னு நினைக்கிறே? ஜெனிக்கா. அம்மாவோட கேரட் துருவியில. அவன் கிச்சன் மேடையில ஏறி உக்காந்து முறுக்கைக் கடிச்சுக்கிட்டு, "ஃபைனா துருவு ஜெனி. இது தேங்கா இல்ல"ங்கறான். அக்காவுக்கு விரல் முட்டியில தோல் வழண்டு ரத்தமே வந்துடுச்சு. "சோப்புல படாம பாத்துக்கோ"ன்னான்.

நான் பின்னாடி வாஷிங் மெஷின்லேர்ந்து துணி எடுத்துக்கிட்டிருந்தேன். கதவு வழியா கிச்சன்ல நடந்ததெல்லாம் தெரிஞ்சுது.

பாதிகூட துருவல, அவனுக்கு ஃபுட்பால் விளையாடப் போக நேரமாயிடுச்சு. மேடையிலேர்ந்து குதிச்சான். மீதி கட்டியை மக்குல போட்டான், தண்ணியை ஊத்தினான், மைக்ரோவேவ்ல வச்சுட்டான். உருக்கறவன் முட்டாள்னு சொன்ன அதே வாய் டி, அதுல இன்னும் முறுக்கு இருக்கு. சோப்பு பொங்கி மக்கை விட்டு வழிஞ்சு உள்ள பூரா அப்பிக்கிச்சு. வீடே சந்தனக் கடை தீப்பிடிச்ச மாதிரி நாத்தம்.

அப்பா என்னாச்சுன்னு வந்தார். இவன் கொஞ்சம்கூட யோசிக்கல. "ஜெனி அவசரப்பட்டுட்டா அங்கிள். உருக்காதேன்னு சொல்லச் சொல்லக் கேக்கல."

ஜெனிக்கா தரையைப் பார்த்துக்கிட்டு, "ஆமாப்பா, நான்தான்"னா.

"பொறுமையே கிடையாது இவளுக்கு. நீங்கதான் திருத்தணும் மாப்பிள்ளை"ன்னு சொல்லிட்டு அப்பா ஹாலுக்குப் போயிட்டார்.

இதுவரைக்கும் அவனைத் திட்டிக்கிட்டே ஜாலியா டைப் பண்ணிட்டேன். இனிமே வர்றதுதான் அப்பாகிட்ட சொல்ல வேண்டியது.

அப்பா போனதும் அவ கையைப் பிடிச்சான். தோல் வழண்ட இடத்துல, சோப்பு ஈரத்தோட இருந்த கட்டை விரலை வச்சு அழுத்தினான். கோவமே இல்லாம, கை குலுக்கற மாதிரி. "அவர் முன்னாடி என்னை விட்டுக் குடுக்கல. குட். எப்பவும் இப்படியே இரு"ன்னான். அவ கண்ணுலேர்ந்து தண்ணி வருது, வாயிலேர்ந்து சத்தமே வரல. நீயோ நானோ இருந்தா கத்தியிருப்போம்ல. அவ சத்தம் போடாம இருக்கப் பழகியிருக்கா, சின்மயி. இது முதல் தடவை இல்ல.

திரும்பினவன் என்னைப் பார்த்துட்டான். "என்ன ஜெரூஷா, ப்ளஸ் டூ படிக்கலையா?"ன்னு சிரிச்சான். மரக்கிண்ணத்தைக் கழுவி, துடைச்சு, மறக்காம எடுத்துட்டுப் போனான் நாய்.

ராத்திரி அக்காகிட்ட கேட்டேன். "பத்திரிகை அடிச்சாச்சு, விடு டி"ன்னு சொல்லிட்டு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துட்டா.

இரு. அவ முழிச்சுதான் இருக்கா. யாருக்கு இவ்ளோ நேரமா டைப் பண்றேன்னு கேக்கறா.

உனக்குன்னு சொன்னேன். அப்பாவை எழுப்பப் போறேன்னும் சொல்லிட்டேன். எப்படி வாயில வந்துச்சுன்னு தெரியல. வேணாம்னு அவ என் கையைப் பிடிப்பான்னு பார்த்தேன். எழுந்து உக்காந்தா. அப்புறம், "அம்மாவை முதல்ல எழுப்பு. அப்பாவுக்கு பிபி"ன்னா.

சரி டி, போறேன். லைட்டைப் போட்டு துப்பட்டாவைத் தேடிக்கிட்டிருக்கா. அவளும் வரா.