அடியில் போன அட்டை

மேகலாவுக்கு இங்கிலீஷ் தெரியாது என்று யாரும் சொல்லிவிட முடியாது. அடையாறில் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸ் வேலை. டாக்டர்கள் பேசுவது புரியும், பதிலும் வரும். அயர்லாந்து வேலைக்காக இங்கிலீஷ் பேச்சுத் தேர்வு கொடுக்க வேண்டும் என்று வந்தபோதுதான் குட்டு வெளிப்பட்டது. தி.நகர் கோச்சிங் சென்டரில் ஜெயஸ்ரீ மேடம் முதல் நாளே பிடித்துவிட்டார்.

"மூச்சு விடுங்கன்னு சொல்றீங்க, திரும்பிப் படுங்கன்னு சொல்றீங்க. எப்படின்னு சொல்லவே மாட்டேங்கறீங்களே! மெதுவா, ஆழமா, பதமா... அதெல்லாம் எங்க போச்சு?"

எங்கே போகும்? தமிழில் மேகலா வாயைத் திறந்தால் இரண்டு வார்த்தைக்கு ஒரு 'மெதுவா' ஒட்டிக்கொண்டு வரும். ஊசி போடுகிறவள் பேசுகிற மாதிரியே இருக்காது. இங்கிலீஷுக்கு மாறியதும் எல்லாம் உதிர்ந்துபோய், போலீஸ்காரர் அதட்டுவது போல மொட்டையாக நிற்கும். அதற்கு மருந்தாக மேடம் ஒரு கட்டு அட்டை கொடுத்தனுப்பினார். ஒவ்வொன்றிலும் நோயாளி கேட்கும் ஒரு கேள்வி. எதிரில் ஒருவர் உட்கார்ந்து கேட்க வேண்டும், இவள் ஸ்லோலி, ஜென்ட்லி என்று 'லி'யில் முடிகிற வார்த்தை ஒன்றாவது சேர்த்துப் பதில் சொல்ல வேண்டும்.

எதிரில் உட்கார அவள் புருஷன் பிரபாகரை விட்டால் யார்? ஊரூர் குப்பத்தில் ஃபைபர் படகில் மீன் பிடிக்கிறவன். பத்தாவது வரை படித்தவன். இங்கிலீஷை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பான், ஆனால் நோயாளியாக நடிப்பதில் அவனை அடிக்க ஆள் கிடையாது. சாயங்காலம் படகு ஓரமாக மணலில் கால் நீட்டிப் படுத்துக்கொண்டு, "நர்ஸம்மா, பெயின் தாங்கல நர்ஸம்மா" என்று புரளுவான்.

"ஐ வில் ப்ரெஸ் ஜென்ட்லி."

"ஜென்ட்லியா? கொரல ஒசத்தி அதட்டுறியே, அதான் ஜென்ட்லியா?"

அவனுக்கும் அந்தப் பாடம் பிடித்துப்போயிற்று. ஸ்லோவுக்கு லி, சாஃப்ட்டுக்கு லி. 'குட்'டுக்கு மட்டும் லி இல்லை, 'வெல்' என்றதும் சண்டைக்கு வந்தான். "ஃபாஸ்ட்லி" என்று அவன் சொன்னபோது அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஃபாஸ்ட்டுக்கு லியே கிடையாதாம். "அதுக்கு இன்னா, நின்னு லி போட நேரமில்லையா?" என்றான். மறுநாள் சங்கரா மீன் எப்படி என்று கேட்ட ஆளிடம், "ஃப்ரெஷ்லி கீது மச்சி" என்று சொல்லி விற்றும்விட்டான்.

ஒரே ஒரு அட்டையை மட்டும் அவன் கேட்கவே இல்லை. டூட்டி முடிந்து கிளம்பும் நர்ஸைப் பார்த்து நோயாளி கேட்பது: எப்போது திரும்பி வருவீர்கள்? அது மேலே வரும்போதெல்லாம் சத்தமில்லாமல் கட்டின் அடியில் செருகிவிடுவான்.

அவன் வீட்டில் அது கேட்கக் கூடாத கேள்வி. கல்யாணமாகி ஈக்காட்டுத்தாங்கலிலிருந்து வந்த புதிதில், லேத் பட்டறைக்காரர் மகளான மேகலாவுக்கு இது தெரியவில்லை. வலையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியவனிடம், "எப்போ வருவே?" என்று வாய் நிறையக் கேட்டுவிட்டாள். மாமியார் அந்தோணியம்மாள் ஓடி வந்து அவள் வாயைப் பொத்தினாள். அன்று பிரபாகர் கடலுக்கே போகவில்லை. கேட்டால் கடல் காதில் விழுமாம், நாள் குறித்தால் அது பிடித்து வைத்துக்கொள்ளுமாம். அதற்குப் பிறகு மேகலா கேட்டதில்லை. காலையில் கரையில் வந்து நிற்பாள், படகு அலை தாண்டும்வரை பார்ப்பாள், போய்விடுவாள்.

இப்போது அவள் கிளம்பப் போகிறாள். குப்பமே கேட்கிறது எப்போது வருவாய் என்று. புருஷன் மட்டும் குளிருக்கு ஸ்வெட்டர் போதுமா, அங்கே சோறு கிடைக்குமா என்பதோடு நிறுத்திக்கொண்டான். வருவாளா என்ற நினைப்பு அவனை அரித்துக்கொண்டே இருந்தது. அதைக் கேட்டால் வராமல் போய்விடுவாளோ என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது. ஏன் கேட்கவில்லை என்று விளக்கினால்கூட அது கேட்ட மாதிரிதானே? மேகலாவின் பேச்சு நாளுக்கு நாள் குறைந்துகொண்டு வந்ததை அவன் பார்த்தான். பார்த்துக்கொண்டு சும்மா இருந்தான், வேறென்ன செய்வான்.

கடைசி மாதிரித் தேர்வன்று அவள் முகம் வீங்கி வந்தாள். வந்ததும் அட்டைக் கட்டை மணலில் கொட்டினாள்.

"மேடம் கேட்டாங்க, எப்போ திரும்பி வருவீங்க சிஸ்டர்னு. வாயே வரல. அழுதுட்டேன். அத்தினி பேர் முன்னாடி." ஒரு அட்டையை எடுத்து அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள். "எல்லாத்துலயும் உன் கை மீன் கறை கீது. இதுல மட்டும் இல்ல. நான் வரேனா இல்லியான்னு உனக்குக் கவலையே இல்லியாயா?"

"அத்த கேக்கக் கூடாது மேகலா."

"அது கடலுக்குப் போறவங்ககிட்ட."

"நீயும் அத்தத் தாண்டித்தானே போற?"

மேகலா அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டாள். இத்தனை நாள் கல்லு மாதிரி இருக்கிறானே என்று நினைத்தது இவனைத்தானா? கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"கடலுக்கு இங்கிலீஷ் தெரியுமா?"

பிரபாகர் நிஜமாகவே யோசித்தான். "தமிழ் தெரியும். கொஞ்சம் தெலுங்கு தெரியலாம். இங்கிலீஷ்... தெரியாதுன்னுதான் நெனைக்கிறேன்."

"அப்போ இங்கிலீஷ்ல கேளு."

அவன் அட்டையை வாங்கினான். எழுத்துக் கூட்ட வேண்டியிருக்கவில்லை, ஒளித்து ஒளித்தே மனப்பாடமாகியிருந்தது. கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, அவள் முகத்தைப் பார்த்து, யாருக்கும் கேட்காத குரலில் கேட்டான்.

"வென் வில் யூ கம் பேக்?"

"டெஃபினிட்லி."

"ஏய், எப்போன்னு கேட்டா டெஃபினிட்லின்றியே. மேடம் மார்க் போட மாட்டாங்க."

"மார்க்க வுடு" என்று அவன் தோளில் சாய்ந்துகொண்டாள்.

மறுநாள் விடியலில் பிரபாகரும் கூட்டாளி முனியனும் படகைத் தள்ளினார்கள். மேகலா வழக்கமான இடத்தில் வந்து நின்றாள். படகு முதல் அலையில் ஏறும்போது கரையிலிருந்து சத்தம் வந்தது. அவள் கையை வாய்க்குக் குவித்துக்கொண்டு கத்தினாள்.

"வென் வில் யூ கம் பேக்?"

பிரபாகர் திரும்பிப் பார்த்தான். அத்தனை வருஷக் காலைகளிலும் அவள் அந்தக் கேள்வியை விழுங்கிக்கொண்டுதான் அங்கே நின்றிருக்கிறாள். தன் பயம் மட்டும்தான் பயம் என்று இருந்துவிட்டானே!

"டெஃபினிட்லி!" என்று பதிலுக்குக் கத்தினான்.

"இன்னா மச்சி கேக்குது?" என்றான் முனியன்.

"ஒண்ணுமில்ல. பரீட்சைக்குப் படிச்சினு கீது" என்று சொல்லிவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு இன்ஜினைக் கிளப்பினான்.